தேடலும் திணிப்பும்

16 வயது நிரம்பாதோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2024 நவம்பரில் நிறைவேற்றியது. 2025 டிசம்பர் 10 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மீறினால் தண்டனை நிறுவனங்களுக்கே. பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ அன்று. கல்விப் பயன் கருதி யூடியூபுக்கு முதலில் விலக்களிக்க எண்ணிய அரசு, 2025 ஜூலையில் அம்முடிவை மாற்றிக்கொண்டது. கற்பிக்கும் கருவியே கெடுக்கவும் வல்லதாயின் அதை என்செய்வது? இவ்வினா அந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

அக்கருவியின் நன்மையை நாம் மறுக்க இயலாது. அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் 2004இல் தொலைவில் வாழ்ந்த உறவினர் சிறுமி ஒருத்திக்குக் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். 2006இல் தம் பாடங்களை யூடியூபில் ஏற்றினார். அவை உலகெங்கும் பரவின. புரியாத இடத்தில் பாடத்தை நிறுத்தலாம். பத்து முறையும் திரும்பக் கேட்கலாம். 'இதுகூடத் தெரியாதா?' என நகைப்பார் எவருமிலர். வகுப்பில் கையுயர்த்தக் கூசும் பிள்ளைக்கு இது சிறிய உதவியா?

ஆனால் பாடம் முடிந்ததும் அதே திரையில் அடுத்த காட்சி தானாகத் தொடங்குகிறது. தேடி வந்தவன், திணிக்கப்படுவதை ஏற்பவனாக மாறிவிடுகிறான். கேள்வியோடு சென்றவன் விடை கிடைத்ததும் எழுந்து வருவான். கேள்வியின்றிச் சென்றவன் எப்போது எழுவான்?

ஆஸ்திரேலியச் சட்டம் இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்திருக்கிறது. கணக்கின்றி யூடியூபைக் காண அங்கே இன்னும் தடையில்லை. எனினும், தான் வரைந்த ஓவியத்தையோ இசைத்த பண்ணையோ பிறர்முன் வைத்துத் திருத்தம் பெறும் வாய்ப்பு அடைபடுகிறது. அதுவும் கல்வியன்றோ? மேலும், சட்டத்தின் காவல் 16 வயதோடு முடிந்துவிடும். தீமையினின்று விலக்கி வைப்பது காவல். நன்மையைத் தேர்ந்துகொள்ளப் பழக்குவதே வளர்ப்பு. முன்னதைச் சட்டம் செய்யலாம். பின்னதை யார் செய்வது?

அது நம் கடமை. வீட்டில் கேட்ட கேள்விக்கெல்லாம் 'சும்மா இரு' என்னும் விடையே பெற்ற பிள்ளை, கேட்கும் பழக்கத்தையே இழந்துவிடும். 'இன்று என்ன பார்த்தாய்?' என்று நாம் வினவினால் அது விசாரணை. 'இன்று எதைத் தேடினாய்? கிடைத்ததா? அது மெய்யென எவ்வாறு அறிந்தாய்?' என்று வினவினால் அது துணை. அவ்வாறு வினவும் பொழுதேனும் நம் கையிலுள்ள கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவோமாக.