வானொலியும் வாக்கொழுக்கமும்

மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றினுள் வாக்கே விரைந்து பிழைப்பது. பிழைத்தபின் மீட்டற்கரியதும் அதுவே. கையால் அடித்த அடி ஓரிடத்தே ஒருவர்மேற் படுவது. வானொலியிலே வழங்கிய சொல்லோ, மலையென்றும் மதிலென்றும் பாராது, ஒரே கணத்தில் பல்லாயிரம் வீட்டு அடுக்களையினுட் புகுந்துவிடுகின்றது. ஆதலின், வானொலியில் யாது பேசலாம், யாது பேசலாகாது என்னும் வினா, அறிவிப்பாளர்க்கும் அரசாங்கத்தார்க்கும் மாத்திரம் உரியதன்று. பிள்ளைகளின் நாவைத் திருத்தும் பொறுப்பை ஏற்ற உபாத்தியாயர்களாகிய நமக்கும் உரியதேயாம்.

இவ்வினாவை எம் உள்ளத்தில் எழுப்பியது ஒரு பேருந்துப் பிரயாணம். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியவுக்குச் செல்லும் பெருந்தெருவிலே, காவத்தையைக் கடந்து கொடகவெலைக்கு வரும் காலை வண்டி அது. பாடசாலைப் பிள்ளைகள் நிறைந்திருந்தனர். சாரதியின் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியிலே, நேயர்கள் தொலைபேசி வாயிலாக அறிவிப்பாளருடன் உரையாடும் தமிழ் நிகழ்ச்சியொன்று ஒலித்துக்கொண்டிருந்தது. இளைஞனொருவன் பேசவந்து, தன் நண்பனைக் கேலிசெய்யுங்கால், அவையிற் சொல்லத்தகாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டான். அறிவிப்பாளர் சிரித்து இணைப்பைத் துண்டித்தார். வண்டியிலிருந்த முதியோர் முகஞ்சுளித்தனர். "காலம் கெட்டுப்போச்சு" என்றார் ஒருவர்.

அடுத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் பேசினாள். மகளின் பிறந்த நாளுக்குப் பாட்டொன்று போடும்படி கேட்டாள். அவளுடைய மலைநாட்டுப் பேச்சை அறிவிப்பாளர் நீட்டி முழக்கி அவளிடமே பேசிக்காட்டி, "கொழுந்தெல்லாம் ஆஞ்சி முடிஞ்சிச்சுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். வேறு செய்வதறியாது அவளும் உடன் சிரித்தாள். வண்டியிலும் பலர் சிரித்தனர். முன்னர் முகஞ்சுளித்த முதியவரும் சிரித்தார். யாமும் புன்னகைத்தோம் என்பதை மறைத்தல் முறையன்று. எமக்கு முன்னிருந்த ஆசனத்திலே வெள்ளைச் சீருடை அணிந்த தோட்டத்துப் பிள்ளையொருத்தி மாத்திரம் சிரியாது, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை பேசப்பட்டவற்றுள் இழிசொல் எது? இதுவே நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இலங்கையில் ஒழுங்கான ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி, தந்தித் திணைக்களப் பொறியியலாளராகிய எட்வேர்ட் ஹார்ப்பரின் முயற்சியாற் கொழும்பிலே தொடங்கிற்று. அது 1949இல் இலங்கை வானொலியாகவும், 1967இல் அரசாங்கக் கூட்டுத்தாபனமாகவும் வளர்ந்தது. நெடுங்காலம் வரை வானொலியிற் பேசுவோர் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டோரே. அவர்கள் பேசுவதும் பெரும்பாலும் முன்னர் எழுதித் திருத்திய பிரதியே. எஸ். பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளரின் தமிழைக் கடல்கடந்து தமிழ்நாட்டாரும் விரும்பிக் கேட்டனர். 1990களிலே தனியார் வானொலிகள் பெருகின. தொலைபேசியும் வீடுதோறும், பின்னர்க் கைதோறும் வந்தது. அதுவரை கேட்டிருந்தவர் அதன்பின் பேசுபவராயினார். எழுதாத பேச்சு, திருத்தாத பேச்சு, அக்கணமே வானேறும் நிலை உண்டாயிற்று. எளியோர்க்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. அதனோடு கூடவே காவலற்ற சொல்லும் வந்தது.

தகாத சொல்லை விலக்குதல் நமக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டிய நாகரிகமன்று. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்ததை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். தொல்காப்பியனாரும் அவைக்கு ஆகாத சொல்லை மறைத்துக் கூறும் நெறியை எச்சவியலில் வைத்தார். ஈண்டு நோக்கத்தக்கது, அவர்கள் அளவுகோலாகக் கொண்டது அவையை என்பது. வைத்தியன் நோயாளியிடம் வினவும் சொல் அவ்விடத்திற் பிழையன்று. அதுவே சபை நடுவே பிழையாம். அப்படியாயின், வானொலியின் அவை யாது? பேசுவோன் அதனைக் காண்கிலன். குழந்தையும் கிழவியும், நோயுற்றோரும் துக்கவீட்டாரும் ஒருங்கேயிருந்து கேட்கும் அவை அது. காணப்படாத அவையாதலின், அதன்முன் அடக்கம் மிகுதியும் வேண்டற்பாலது.

இக்கருத்தையொட்டியே அமெரிக்க நாட்டிலும் ஒரு வழக்கு நிகழ்ந்தது. 1973ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி பிற்பகலிலே, நியூயோர்க் நகர வானொலியொன்று, ஜோர்ஜ் கார்லின் என்னும் நகைச்சுவையாளர் விலக்கப்பட்ட சொற்களையே பொருளாக்கிப் பேசிய பேச்சை ஒலிபரப்பிற்று. மகனோடு காரிற் சென்ற தந்தையொருவர் அதனைக் கேட்டு முறைப்பாடு செய்தார். 1978இல் அந்நாட்டு உயர்நீதிமன்றத்தார் ஐவர் ஒருபாலும் நால்வர் மறுபாலுமாகத் தீர்ப்பளித்து, வானொலி அழையாமலே வீட்டினுட் புகுவது, சிறுவர் செவியில் எளிதிற் படுவது என்னும் காரணங்களால் அத்தகைய பேச்சைக் கட்டுப்படுத்துதல் கூடும் என்றனர். பின்னர்க் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை அவ்வகைப் பேச்சு ஆகாது என்னும் விதி நிலைபெற்றது. பேச்சுரிமையைப் பெரிதும் போற்றும் நாடே, சொல்லை அடியோடு அழிக்காது, வேளையால் வரையறுத்தது என்க. இது நம் இலக்கண நூலார் அவையால் வரையறுத்ததற்கு இனமானதே.

ஆயினும், இவ்வளவோடு அமைந்தால் நாம் வினாவின் தோலையே தொட்டவராவோம். சொல்லின் கரடுமுரடு வேறு. சொல்லின் கொடுமை வேறு. எங்கள் தோட்டப்புறங்களிலே, விடியுமுன் எழுந்து இறப்பர்ப் பால் வெட்டப் போகும் கிழவி, பாடசாலைக்குப் பிந்தும் பேரனை, "அட பாழாப்போனவனே, வெறும் வயித்தோட போகாதடா" என்று கத்துவாள். அச்சொல்லை எழுத்தெண்ணிப் பார்த்தால் அது சாபம். கேட்கும் பேரனுக்கோ அது சோறு. பிரட்டுக்களத்திலே பெயர் வெட்டப்பட்டு நாட்சம்பளம் இழந்தவன் வாயிலிருந்து வரும் வசையும் நல்ல சொல்லன்று. எனினும் அது வலியின் சத்தம். இவற்றைப் பட்டியலிட்டுத் தடுப்பது எளிது. பட்டியலில் அகப்படாதது எது?

1993ஆம் ஆண்டு ருவண்டா நாட்டிலே தொடங்கப்பட்ட தனியார் வானொலியொன்று, பாட்டும் பகடியுமாக இளைஞரைக் கவர்ந்து, துட்சி இனத்தவரைக் கரப்பான்பூச்சி எனப் பலகாலும் கூறிற்று. கரப்பான்பூச்சி என்பது எந்நாட்டு இழிசொற் பட்டியலிலும் இல்லை. நம் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் எழுதும் சொல் அது. 1994இல் ஏறக்குறைய நூறு நாட்களுள் அங்கே பல இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். அவ்வானொலியை நிறுவினோருள் ஒருவராகிய பேர்டினான்ட் நஹிமானாவைச் சர்வதேச நியாயமன்று 2003இலே குற்றவாளியெனக் கண்டது. மேன்முறையீட்டிற் சில குற்றங்கள் நீக்கப்பட்டபோதும், கொலைக்குத் தூண்டிய குற்றம் நிலைபெற்றது. மனிதனைப் பூச்சியென்று கேட்டுப் பழகிய செவி, அவனை நசுக்குங்காற் கூசுவதில்லை.

அயல்நாட்டைச் சொல்லி நம் வீட்டை மறத்தல் நேர்மையன்று. 1958ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்தின்போது, 26ஆந் திகதி பிரதமர் பண்டாரநாயக்கா வானொலியில் நாட்டுக்கு உரையாற்றினார். அவ்வுரையில் வசைமொழி ஒன்றேனும் இல்லை. ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்திலே நுவரெலியாவின் முன்னாள் நகரபிதா ஒருவர் உள்ளிட்ட சிலர் உயிரிழந்தமையே பிறவிடங்களில் வன்செயலுக்குக் காரணமாயிற்று என்று அது கூறிற்று. பொலன்னறுவைப் பகுதியிலே 22ஆந் திகதியே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. முன்னது பின்னதாகவும் பின்னது முன்னதாகவும் வைக்கப்பட்டமையை, சிங்களப் பத்திரிகையாசிரியரான தார்சி விட்டாச்சி, அக்கலவரம் பற்றித் தாம் எழுதிய நூலிற் கண்டித்தார். வாக்கியம் சுத்தமானது, வைப்பு முறையோ தீயிலிட்ட நெய். கண்ணியமான மொழியிலும் அநீதி உறையலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எம் இளமையில் நிகழ்ந்த ஒன்றும் இதற்கு இசைந்தது. யாம் பயின்ற மிஷன் பாடசாலையிலே ஒருநாள் எம் வகுப்பு மாணவனொருவன் கெட்ட சொல்லொன்று சொன்னானென்று, ஆசிரியர் அவன் வாயைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுவித்தார். நேரந்தவறாமை, தூய்மை, உழைப்பு ஆகிய நல்லொழுக்கங்கள் பலவற்றை அவரிடமே கற்றோம்; அந்நன்றி என்றும் உண்டு. ஆனால் அவரே, கணக்கிற் பிழைவிட்ட பிள்ளையைப் பார்த்து, மெல்லிய குரலிலே, "தோட்டத்துப் பிள்ளைகளிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது" என்று அடிக்கடி சொல்வார். சவர்க்காரத்தின் கசப்பு மாலைக்குள் அகன்றது. மற்றைச் சொல்லோ, அதனைக் கேட்டிருந்த சிலரைப் பாடசாலையை விட்டே அகற்றிற்று. எந்த வாய் கழுவப்பட வேண்டியது?

ஆகவே குற்றம் இருவகைத்து. முதலாவது, இடமறியாது கூறும் ஆபாசச் சொல். இது அவையொழுக்கத்துக்கு மாறு. இரண்டாவது, ஒரு சாராரை மனிதரிற் குறைந்தவராகக் காட்டும் இகழ்ச்சி. இது நீதிக்கு மாறு. முன்னதைச் சிறுபிழையென்று விட்டுவிடுக என்று யாம் கூறவில்லை. பின்னதைப் பிழையென்றே அறியாதிருக்கின்றோமே என்பதே எம் கவலை. நோய் இரண்டாதலின் மருந்தும் இரண்டாம். ஆபாசச் சொல்லுக்கு வேளை வரையறையும் அறிவிப்பாளரின் விழிப்பும் போதும். இகழ்ச்சிக்கு அவை போதா. இகழப்பட்டவர் அதே வானொலியில், அதே வேளையில் மறுமொழி கூறும் உரிமையும், தவறியவர் வெளிப்படையாக வருந்தித் திருத்தும் கடப்பாடும் வேண்டும். கொலைக்கும் கொள்ளைக்கும் தூண்டும் பேச்சுக்கு மாத்திரமே சட்டத்தின் கை நீளவேண்டும்.

"இவ்வளவு இடர் எதற்கு? நேயர் பேசும் நிகழ்ச்சிகளையே நிறுத்திவிடலாமே" என்பார் உளர். இந்நாட்டில் அதுவும் செய்துபார்க்கப்பட்டது. நேயர் பங்குபற்றிய முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1995ஆம் ஆண்டு பெப்ரவரியிலே திடீரென நிறுத்திற்று. அதிற் பங்குபற்றிவந்த நேயரொருவர் உயர்நீதிமன்றத்தை நாடினார். பங்குபற்றும் நேயருடைய பேச்சுரிமை மீறப்பட்டது என 1996இலே தீர்ப்பாயிற்று. மறுவருடம் ஒலிபரப்பு அதிகாரசபை மசோதாவொன்று வந்தபோது, வான்அலைகள் பொதுமக்களின் சொத்து, அவற்றை ஆளும் சபை அரசாங்கத்தின் பிடிக்கு அப்பாற்பட்டதாய் இருத்தல் வேண்டும் என்று அந்நீதிமன்றமே கூறி, மசோதா அரசியலமைப்புக்கு முரணானதெனக் கண்டது. வாயை மூடுவித்தல் வாக்கைத் திருத்துதலாகாது. அதிலும், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால், ஓர் இழிசொல்லும் இன்றி நாடற்றவராக்கப்பட்ட மக்களின் வழிவந்தோர்க்கு, இருந்த இடத்திலிருந்தே நாடறியப் பேசக் கிடைத்த வாயிலை அடைத்தல் எங்ஙனம் அறமாகும்?

நேரடி நிகழ்ச்சிகளிலே பேச்சைச் சில விநாடிகள் தாமதித்து வெளியிடும் கருவியொன்றை வானொலியார் பயன்படுத்துவதுண்டு. தகாத சொல் வருமாயின் அவ்விடைவேளையில் அதனை வெட்டிவிடலாம். நல்ல ஏற்பாடே. எனினும் அதினும் பழைய தாமதக் கருவியொன்றை நம் சாத்திரம் அறியும். சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நால்வகைப்படும். பிறர் செவியிற் படுவது வைகரி. அதற்கு முன்னே எழுத்துக்கள் ஒழுங்குபட்டு உள்ளத்தளவில் நிற்பது மத்திமை. இயந்திரம் வெட்டுவது வைகரியை. கல்வி திருத்த வல்லது அதற்கு முந்திய நிலையை. ஆபாசச் சொல்லை இயந்திரம் அறியலாம். ஒரு தாயின் பேச்சை எள்ளும் நகையை அது அறியாது. அதனை அறியும் கருவி பேசுவோன் நெஞ்சமேயன்றிப் பிறிதில்லை.

உபாத்தியாய அன்பர்களே, அந்த இளைஞனும், அந்த அறிவிப்பாளரும், அன்று சிரித்த நாமும் ஒருகாலத்தில் ஏதோவொரு வகுப்பறையில் இருந்தவர்களே. ஆதலின் வேலை நம் கையிலேயே தொடங்குகின்றது. காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிள்ளையிடம் கொடுக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்குவோம்: இதனை யார் யார் கேட்பர்? யாரை இது நோகச் செய்யும்? நொந்தவர் எழுந்து மறுமொழி சொல்ல இடமுண்டோ? இடக்கரடக்கலைக் கற்பிக்கும் நாளிலே, அடக்கவேண்டியது சொல்லை மாத்திரமன்று, ஏளனத்தையும் என்று சேர்த்துக் கற்பிப்போம். தோட்டத்துப் பிள்ளை தன் வீட்டுப் பேச்சிலே விடை கூறுமாயின், முதலில் விடை சரியோவென்று பார்ப்போம். எழுத்துத் தமிழைப் பின்னர்ச் சொல்லிக்கொடுப்போம். எல்லாவற்றிற்கும் முன்னே, நம் நாவை நாமே கேட்டுப்பார்ப்போம்.

அப்பேருந்திற் சன்னலோரம் இருந்த பிள்ளையும் ஒருநாள் தன் மகளுக்காகப் பாட்டொன்று கேட்டு வானொலிக்குப் பேசக்கூடும். தன் தாய் பேசிய மொழியிலேயே பேசி, தன்னைத்தானே நகைத்துக்கொள்ளாமல் அவள் பேச்சை முடிக்கக் கூடுமாயின், அன்றுதான் நம் வானொலிக்கு வாக்கொழுக்கம் வந்ததென்று கொள்ளலாம்.