யாருடைய ஊருக்கு?

"பெட்டி எப்ப வருது?"

பிரான்சிலிருந்து சாவுச் செய்தி வந்தால் புதுச்சேரி முதலியார்பேட்டையில் முதலில் கேட்பது இதைத்தான். எப்படி இறந்தார் என்ற விசாரிப்புகூட அப்புறம்தான். எங்கள் பக்கம் பிரான்சில் ஆள் இருக்கும் வீடுகள் நிறைய. 1962 ஆகஸ்ட் 16இல் பிரெஞ்சுப் பகுதிகளின் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரீஸைச் சுற்றியே வேர்பிடித்துவிட்டார்கள். அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

என் பெரியப்பா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைவீரராகப் போனவர். பான்சியோன் என்ற ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, பாரீஸுக்கு வடக்கே மகன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தார், அங்கேயே இறந்தார். இங்கே அவருடைய தங்கை, என் அத்தை, முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். "வாய்க்கரிசி போடாம அனுப்பினா எங்கண்ணன் பசியோட இல்ல தம்பி போவாரு" என்று அழுதார். அங்கே பெரியப்பாவின் மகனான அண்ணனோ தகனம் செய்துவிடலாம், சாம்பலில் பாதியை அங்கே வைத்துக்கொண்டு பாதியை ஊருக்கு அனுப்பலாம் என்றார். இருவர் மனமும் நோகாத வழி என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 2008 டிசம்பர் 19ஆம் தேதிச் சட்டத்தின்படி, பிரான்சில் தகனமானவரின் சாம்பல் மொத்தமும் ஒன்றாகவே இருக்கவேண்டும். கல்லறைத் தோட்டத்தில் வைக்கலாம், அதற்கென உள்ள இடத்தில் தூவலாம், திறந்த வெளியில் தூவலாம். பங்கு பிரிக்கக் கூடாது. வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. சாம்பலுக்கும் மனித உடலுக்குரிய மரியாதை உண்டு என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. ஆளைப் பாதியாக வெட்ட முடியுமா என்று அது கேட்பதுபோல் எனக்குப் பட்டது. அதன் பிறகு அவரை எப்படிக் கொண்டுவருவது என்ற பேச்சே போய்விட்டது. அவர் ஊர் எது என்ற கேள்வி வந்துவிட்டது.

உடலாகக் கொண்டுவருவதும் எளிதில்லை. மேரியில், அதாவது அங்குள்ள நகராட்சி அலுவலகத்தில், இறப்பைப் பதியவேண்டும். உடலைப் பதப்படுத்திச் சான்று வாங்கவேண்டும். துத்தநாகத் தகடு பொருத்திக் காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி, பிரெஞ்சு அரசு அனுமதி, இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று, சென்னை விமான நிலையத்தில் சுகாதார அதிகாரியின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். அதற்கு மேல் புதுச்சேரிக்கு ஆம்புலன்ஸ். 2023 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் இந்த அனுமதிகளுக்காக ஒரு இணையதளம் திறந்த பிறகு இந்தியப் பக்கத்து வேலை கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது.

உடலா சாம்பலா என்று நாங்கள் விவாதித்ததே ஒரு வசதிதான். சவூதியில் இறந்துபோகும் நம் கட்டுமானத் தொழிலாளிக்கு அந்த வசதி இல்லை. அங்கே தகனம் கிடையாது. உடல் வரவேண்டும், இல்லையென்றால் அங்கேயே புதைக்கவேண்டும். 2020இல் விமானங்கள் நின்றபோது வளைகுடா மண்ணிலேயே புதைக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. ஏழைத் தொழிலாளியின் உடலை அனுப்புவதற்கு இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் ஒரு நல நிதி இருப்பதைப் பல குடும்பங்கள் அறிந்திருப்பதில்லை. கடன் வாங்கும் முன் தூதரகத்தைக் கேளுங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

பெரியப்பா சாம்பலாக, முழுசாக வந்தார். திருக்காஞ்சியில் சங்கராபரணி ஆற்றில் கரைத்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை முகம் தெளிந்தது. ஆனால் அண்ணன் மகள் பிரான்சிலிருந்து போனில் கேட்டாள், "தாத்தாவுக்குப் பூ வைக்கணும்னா நான் எங்க போகணும்?" அவள் பிறந்த ஊர் அது. அவளுக்கு அவர் அந்த ஊர்த் தாத்தா. அவளுக்குச் சொல்ல எங்கள் யாரிடமும் பதில் இல்லை. எல்லாரும் பெரியப்பாவுக்காகப் பேசினோம். அவர் மட்டும் எதுவும் சொல்லிவைக்கவில்லை.

சொல்லிவைத்தவர்களின் கதை வேறு. நாஞ்சில் நாட்டுத் தமிழ்க் குடும்பத்தில் வந்து பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த செண்பகராமன் பிள்ளை 1934இல் பெர்லினில் இறந்தார். தன் சாம்பலைத் தாயின் அஸ்தி கரைத்த கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் சேர்க்கவேண்டும் என்று மனைவி லட்சுமிபாயிடம் கேட்டிருந்தார். அந்த அம்மாள் மணிப்பூரைச் சேர்ந்தவர்; கல்யாணமாகி மூன்று வருஷம்தான். கணவர் எந்த ஆட்சியை எதிர்த்தாரோ அதே ஆட்சி நடக்கும் நாட்டுக்குத் திரும்பி, மும்பையில் தனியாக வாழ்ந்துகொண்டு அந்த அஸ்தியைக் காத்தார். நாடு விடுதலை பெற்று இருபது வருஷம் ஆகும் தறுவாயில், 1966 செப்டம்பரில், ஐ.என்.எஸ். டெல்லி என்ற போர்க்கப்பல் அதைக் கொச்சிக்குச் சுமந்து வந்தது. சொன்னவர் போய் 32 வருஷம். அந்தச் சொல்லை ஏற்றவர் ஒரு நாளும் அதைக் கீழே வைக்கவில்லை. நம் பாடப்புத்தகங்களில் கணவரின் பெயர் வருகிற அளவுக்கு லட்சுமிபாயின் பெயர் வராதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

வ.வே.சு. ஐயர் புதுச்சேரிக்கு வருமுன் லண்டனில் தங்கியிருந்த இந்தியா ஹவுஸை நிறுவிய சியாம்ஜி கிருஷ்ணவர்மா இன்னும் ஒரு படி மேலே போனார். விடுதலைக்குப் பின் நாட்டுக்கு அனுப்பும்வரை தம் சாம்பலைக் காக்கும்படி ஜெனீவாவில் முன்பணமே கட்டிவைத்துவிட்டு 1930இல் இறந்தார். 2003இல் அவரும் மனைவி பானுமதியும் குஜராத் வந்து சேர்ந்தார்கள். சுபாஷ் சந்திர போஸுடையது என்று 1945 முதல் டோக்கியோவின் ரெங்கோஜி கோயிலில் காக்கும் அஸ்தி மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. கொண்டுவாருங்கள் என்று மகள் அனிதா கேட்டுக்கொண்டேயிருக்கிறார். ஆனால் போஸ் அப்போது இறந்ததையே ஏற்காதவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பிரான்சில் 1887இலேயே ஒரு சட்டம் வந்தது. வயது வந்த எவரும் தம் இறுதிச் சடங்கு எப்படி நடக்கவேண்டும் என்று தாமே தீர்மானிக்கலாம். பிள்ளைகள் அதை மீற முடியாது. நம் வீடுகளில் பெரியவர்களிடம் இதைக் கேட்க வாயெடுத்தால் "அபசகுனமா பேசாத" என்று அடக்கிவிடுவார்கள். அந்த அடக்கலை மரியாதை என்று இனி நான் ஏற்கமாட்டேன். கேட்காமல் விடுவதால் பாரம் முழுவதும் பிள்ளைகள் தலையில் விழுகிறது. ஒருவர் அழுகையை இன்னொருவர் அழுகையோடு எடைபோட்டுப் பார்க்கவேண்டிய நிலை வருகிறது.

காரியமெல்லாம் முடிந்த பின் அத்தையிடமே கேட்டேன். அவர் மகனும் பிரான்சில்தான் இருக்கிறான். அத்தை வருஷத்தில் பாதி நாள் அங்கே. தன் அண்ணன் உடலுக்காக அப்படி அழுதவர் யோசிக்கவே இல்லை. "நான் எங்க கண்ண மூடுறனோ அங்கயே எரிச்சிடுங்க. பிள்ளைங்க எங்க இருக்குதோ சாம்பலும் அங்கயே இருக்கட்டும். என்னை எடுத்துக்கிட்டு யாரும் அலைய வேணாம்."

அதை அப்படியே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். ஒரு நகலை அவர் மகனுக்கு அனுப்பிவிட்டேன்.