டேப்பின் மறுமுனையைப் பிடி!

தேர்வில் தேறிவிட்டாய். தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும் தேர்வு அது. அதில் 60 எடுப்பது எளிதில்லை. 50 மணி நேர வகுப்பில் உட்கார்ந்தாய். சிவில் பட்டத்துக்குப் பிறகு 5 ஆண்டு வெயிலில் நின்றாய். நிலம், கட்டடப் பிரிவில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் என்று பெயர்ப்பலகையும் மாட்டியாயிற்று. ஆனால் வங்கியில் பேனலுக்கு விண்ணப்பித்தால், "இதுவரை எத்தனை மதிப்பீட்டறிக்கை கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும், அனுபவம் கேட்டால் எங்கே போவது என்று குமைகிறாய்.

போவதற்கு ஓர் இடம் இருக்கிறது. உன் மாவட்டத்திலேயே இருபது, முப்பது ஆண்டுகளாக நிலத்தை நடந்து நடந்து பார்த்த ஒருவர் இருக்கிறார். அவர் வாசலில் போய் நில்!

கூச்சப்படாதே. ஆடிட்டராக வேண்டுமானால் ஆர்ட்டிகிள்ஷிப் கட்டாயம். இளம் வக்கீல் ஒரு சீனியரிடம் சேருகிறார். நம் தொழிலுக்கு மட்டும் அப்படியொரு ஏற்பாட்டை, பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களுக்கான 2017-ம் ஆண்டு விதிகள் வைக்கவில்லை. அவை கேட்கும் 5 ஆண்டு அனுபவம் சிவில் துறை அனுபவம்தான். ஒரு மனையைக்கூட மதிப்பிடாமல், கான்கிரீட் போட்டே அந்த 5 ஆண்டையும் கடந்துவிடலாம். சட்டம் உனக்கு ஆசானைத் தேடித் தராது. நீதான் தேட வேண்டும்.

என் முதல் களப்பணியைச் சொல்கிறேன். அவிநாசிப் பக்கம் 40 சென்ட் நிலம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தம். பக்கத்தில் விலைபோன கணக்கை விசாரித்து, சென்ட் 3 லட்சம், ஆக 1 கோடியே 20 லட்சம் என்று எழுதி நீட்டினேன். என் ஆசான் தாளைப் பார்க்கவே இல்லை. "நாம் வந்த தடம் யாருடையது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. புலப்படத்தை விரித்தார், அதில் தடமே இல்லை. கிரயப் பத்திரத்தின் செக்குபந்தியைப் படிக்கச் சொன்னார். வண்டித்தடப் பாத்தியம் பற்றி ஒரு வரி கிடையாது. வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம் போய், "நல்லா இருக்கீங்களா ஆத்தா?" என்று பேச்சுக் கொடுத்தார். "எங்க காடு கண்ணு இது. போறாங்க, வாராங்க, நாங்க ஒண்ணும் சொல்றதில்ல" என்றார் அந்தப் பாட்டி.

என் வயிறு கலங்கியது. அந்தக் குடும்பம் நாளை வேலியை இழுத்துக் கட்டினால் 40 சென்ட்டும் வழியில்லாத நிலம். நான் எழுதிய தொகையை நம்பிக் கடன் கொடுக்கும் வங்கி அதை ஏலத்தில் யாருக்கு விற்கும்? சரியான தொகை எவ்வளவு என்று ஆசான் சொல்வார் என்று காத்திருந்தேன். "நீயே மறுபடி எழுது" என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்றிரவு மூன்று முறை அடித்து எழுதினேன். எந்த வகுப்பிலும் கற்காததை அந்த ஒரே இரவில் கற்றேன்.

"வழிகாட்டி மதிப்புதான் இருக்கிறதே, அதை எழுதினால் போதாதா?" என்று கேட்பாய். முத்திரைத் தீர்வைக்காக அரசு நிர்ணயித்தது அது. பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைப் பார்த்து எழுத உன் கையெழுத்து எதற்கு? பத்திரத்தில் எழுதிய விலையும் உண்மையில் கைமாறிய விலையும் பல இடங்களில் ஒன்றாக இருப்பதில்லை. டீக்கடையில், புரோக்கரிடம், அக்கம்பக்கத்தில் எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்பதை, கேட்டுப் பழகிய ஒருவர் பக்கத்தில் நின்றுதான் படிக்க முடியும்.

ஆகவே போ. ஆனால் வெறுங்கையோடு போகாதே! நீ குடியிருக்கும் வீட்டையே மதிப்பிடு. அக்கம்பக்க விற்பனையை வைத்து ஒரு முறை, மனை விலையோடு தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவைக் கூட்டி ஒரு முறை, வாடகையிலிருந்து ஒரு முறை. மூன்றும் மூன்று தொகையாக வரும். ஏன் என்று உனக்குத் தெரிந்தவரை எழுது. அதைக் கொண்டுபோய், "ஐயா, இதில் என் தப்பைக் காட்டுங்கள்" என்று கேள். கையில் உழைப்போடு வருகிறவனை விரட்டப் பலருக்கு மனம் வராது. வரைபடம் போட்டுத் தருகிறேன், பத்திரங்களைப் படித்துக் குறிப்பெடுத்துத் தருகிறேன், டேப் பிடிக்கிறேன் என்று சொல். அறுபது வயதில் அளந்துகொண்டிருப்பவருக்கு அந்தத் துணையின் அருமை தெரியும்.

சிலர் மறுப்பார்கள். நாளைக்கு எனக்கே போட்டியாக வருவான் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அடுத்த ஊருக்குப் பஸ் ஏறு! தங்கையே, "காடு மேடு அலையும் வேலை, பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று உன்னிடம் ஒருவர் சொன்னால் அவரிடம் கற்க ஒன்றுமில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வா, அடுத்த கதவைத் தட்டு.

ஒன்றில் மட்டும் நெருப்பாக இரு. "நீ போய்ப் பார்க்க வேண்டாம், கையெழுத்து மட்டும் போடு" என்கிறவர் ஆசான் இல்லை. கடன் கேட்பவரிடம் "எவ்வளவுக்கு வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்குகிறவரும் இல்லை. அவர் எத்தனை பெரிய பேனலில் இருந்தாலும் அன்றே கிளம்பிவிடு. கடன் வாராக்கடனாகும் நாளில் அறிக்கையில் இருப்பது உன் பெயர். மோசடியில் பங்கு என்று தெரிந்தால் வங்கிகள் சங்கத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் ஏறுவதும் உன் பெயர். அதற்குப் பிறகு எந்த வங்கிப் படியில் ஏறுவாய்?

இந்த ஞாயிறு உன் வீட்டு அறிக்கையை முடித்துவிடு. திங்கள் காலை, அவர் களத்துக்குக் கிளம்புமுன் போய்ச் சேர். மண்ணில் நடக்கத் தோதான செருப்பைப் போட்டுக்கொள். அவர் பதில் ஒன்றும் சொல்லாமல் டேப்பை நீட்டினால், மறுமுனையை வாங்கிக்கொண்டு எல்லைக்கல் வரைக்கும் நட.