சாமான் காசும் கூலிக் காசும்

குச்சவெளிப் பக்கத்துச் சிறிய கராஜ்களில் அச்சடித்த பில் கிடைப்பது அரிது. கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து மெக்கானிக் எழுதித் தருவார். மேலே சாமான்கள்: பிறேக் பாட், ஒயில், ஃபில்டர், பெயரிங். கடைசி வரியில் கூலி. தாளை வாங்கியவரின் கண் எங்கே போய் நிற்கிறது என்று பலமுறை கவனித்திருக்கிறேன். சாமான் விலைகளை வாய் திறக்காமல் ஒத்துக்கொள்வார். கடைசி வரிக்கு வந்ததும், "கூலியைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பார். மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு ஐந்நூறோ ஆயிரமோ குறைப்பார். வந்தவர் நியாயமான விலைக்கு வேலை முடிந்தது என்ற நிம்மதியோடு போவார்.

அந்த நிம்மதியைத்தான் நான் சந்தேகிக்கிறேன். கார் திருத்தக் கேட்ட காசு நியாயமா என்று பார்க்கப் புறப்படும் நாங்கள், பார்க்க வேண்டிய இடத்தை விட்டு வேறு எங்கோ பார்க்கிறோம்.

சாமானுக்குப் பெட்டி உண்டு. பெட்டியின் மேல் பெயர் உண்டு, கடைச் சிட்டை உண்டு, கையில் எடுத்துப் பார்க்கலாம். கூலிக்கு இவை ஒன்றும் இல்லை. ஒரு மனிதர் குனிந்து நிமிர்ந்து, கை கறுத்து, வெயிலில் செலவழித்த நேரம் அது. வேலை முடிந்ததும் அது இருந்த சுவடே தெரியாது. அதனால் சாமான் விலையை யாரோ தூரத்தில் தீர்மானித்த விலையாகவும், கூலியை இந்த மனிதர் தன் வாயால் கேட்ட காசாகவும் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் பேரமெல்லாம் அவர் மேல் இறங்குகிறது.

அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். கூலி வரியில் இழந்ததைச் சாமான் வரியில் ஏற்றிக்கொள்கிறார். உதிரிப்பாகக் கடைகள் மெக்கானிக்குகளுக்கு விலைக்கழிவு கொடுப்பது இங்கே யாருக்கும் தெரியாத விசயமில்லை. பில் பொய்யாகிப் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சாமானில் மட்டும்தான் அவருக்கு வருமானம் என்றாகிவிட்டால், திருத்துவதை விட மாற்றுவதே அவருக்கு லாபம் என்றாகிவிடுகிறது. கழற்றித் துருவைச் சுரண்டி, புதிய கிறீஸ் பூசிப் பூட்டினால் இன்னும் பல காலம் ஓடக்கூடிய பிறேக் கலிப்பரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடச் சொல்வார். அப்படிச் சொல்லவைப்பது எங்கள் பேரம்தான். திருத்தும் கைக்குக் காசில்லை என்று நாங்கள்தானே முதலில் சொன்னோம்?

இலங்கைத் தமிழர்களுக்கு மெக்கானிக்கின் கை எவ்வளவு பெறுமதியானது என்று யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 இல் வடக்கின் மேல் பொருளாதாரத் தடை இறுகியபோது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாது, உதிரிப்பாகமும் கிடையாது. ஆனாலும் ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலைக் காபுரேட்டருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கக்கியது, இழுவை குறைந்தது, ஆனால் நோயாளி ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். தேய்ந்த பாகத்துக்கு மாற்று இல்லாததால், கிடைத்த இரும்பில் கடைந்து பொருத்தினார்கள். அந்த வருடங்களில் பில் எழுதியிருந்தால் சாமான் வரிகளெல்லாம் வெறுமையாக இருந்திருக்கும். எழுத இருந்தது கூலி மட்டுமே. அதைப் பார்த்த தலைமுறையும் இன்று கூலியில்தான் பேரம் பேசுகிறது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மெக்கானிக்குகள் எல்லோரும் நேர்மையானவர்கள் என்று சொல்லவரவில்லை. 1973 இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளியலாளர்கள் இந்தச் சிக்கலை எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் கார் திருத்துவதும் ஒன்று. வருத்தம் என்ன என்று சொல்பவரும் மருந்து விற்பவரும் ஒரே ஆள். வேலை முடிந்த பிறகும், அந்த வேலை உண்மையில் தேவைப்பட்டதா என்று வாங்கியவரால் அறிய முடியாது. சத்தம் நின்றுவிட்டது, சரி. ஆனால் சத்தத்தை நிறுத்தியது மாற்றிய மூன்று சாமான்களில் எது? கராஜ்கள் நிறைய இருந்தாலும் போட்டியால் மட்டும் ஏமாற்று ஒழியாது என்பது அவர்கள் கண்டது. சரிபார்க்கும் செலவு ஏமாறும் செலவை விட அதிகமாகிவிடுகிறது. ஹென்றி ஷ்னைடர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில், தெரிந்தே பழுது வைத்த காரைக் கராஜ் கராஜாகக் கொண்டுபோய்ப் பார்த்து 2012 இல் எழுதினார். அந்தக் கராஜ்களில் தேவையற்ற வேலைகளையும் செய்யச் சொன்னார்கள். கண்டுபிடிக்க வேண்டிய பழுதுகளைக் காணாமலும் விட்டார்கள். இரண்டாவதுதான் என்னை அதிகம் உறுத்தியது. கூடக் காசு கொடுத்தோமா என்று இரவில் புரளும் நாங்கள், பார்க்கப்படாமல் விட்ட பிறேக்கைப் பற்றி நினைப்பதே இல்லை.

குச்சவெளியில் சரிபார்க்கும் செலவை ரூபாவிலேயே சொல்லலாம். திருகோணமலை நகரம் இங்கிருந்து சுமார் 35 கிலோமீற்றர். இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி, நிலாவெளி கடந்து போய் இன்னொரு மெக்கானிக்கிடம் விலை கேட்டுத் திரும்ப, சிறிய கார் என்றாலும் நாலைந்து லீற்றர் பெற்றோல் வேண்டும். 2025 இல் லீற்றர் 300 ரூபாவை ஒட்டி நின்றது. ஆயிரம் ரூபா கூடுதலா என்று அறிய ஆயிரத்து ஐந்நூறு ரூபா வரை செலவு. அதற்கு மேல் ஒரு நாள் லீவும் போகும்.

உப்புக் காற்றைப் பற்றிப் பேசாமல் இந்தக் கரையில் கூலியைப் பற்றிப் பேச முடியாது. அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணித்தியாலம் என்று அச்சிட்ட அட்டவணை உண்டு. அதை வைத்துக் கூலி போடுவார்கள். நியாயமான ஏற்பாடுபோலத் தெரியும். ஆனால் கடலுக்கும் களப்புக்கும் நடுவே வருடக்கணக்கில் நின்ற காரை அந்த அட்டவணை கணக்கில் எடுப்பதில்லை. என் காரின் பின்சில்லில் பெயரிங் இரைந்தபோது, கூலி வழமையை விடக் கூடும் என்று எங்கள் மெக்கானிக் நானா முதலே சொல்லிவிட்டார். பின்னேரம் போனபோது என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாங்க டீச்சர், இந்த நட்டப் பாருங்க. கொழும்புக் கார்ல பத்து நிமிசத்தில வந்திரும். இதுக்கு ரெண்டு மணித்தியாலம் போயிட்டு."

துரு நட்டையும் போல்ட்டையும் ஒன்றாகவே ஆக்கியிருந்தது. எண்ணெய் ஊற விட்டு, நெருப்புக் காட்டி, திரும்பவும் ஆற விட்டு, அதை உடைக்காமல் எடுத்திருந்தார். உடைந்திருந்தால் இன்னொரு சாமானுக்கும் நான் காசு கொடுத்திருப்பேன். அவருடைய பொறுமை எனக்கு மிச்சப்படுத்திய அந்தக் காசு எந்தப் பில்லிலும் வராது. அவர் கேட்ட கூலியைக் கொடுத்தேன்.

2022 ஐயும் மறக்கக் கூடாது. அந்த மார்ச் மாதம் ரூபாவின் பெறுமதியைப் பிடித்து வைத்திருந்த கை விட்டது. 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. ஜூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. வெளிநாட்டிலிருந்து வரும் பிறேக் பாட்டின் விலை கிட்டத்தட்ட இரட்டித்தது. வாகன இறக்குமதியோ 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஐந்து வருடமாக இந்த நாட்டுக் கார்களை ஓட வைத்தவர்கள் மெக்கானிக்குகள். பில் ஏறியது என்று அவர்களிடம்தான் சண்டை பிடித்தோம். ஏறியதெல்லாம் மேல் வரிகளில். கடைசி வரி அந்த வேகத்தில் ஏறவில்லை என்பதை எங்கள் பக்கத்தில் கண் திறந்து பார்த்த எவரும் சொல்வார்கள்.

அதற்காக எழுதித் தந்ததைக் கண்ணை மூடிக் கொடு என்று நான் சொல்லமாட்டேன், குறிப்பாகப் பெண்களுக்கு. மேகன் பஸ் முதலிய மூன்று ஆய்வாளர்கள் ஆண்களையும் பெண்களையும் அமெரிக்கக் கராஜ்களுக்குத் தொலைபேசி எடுக்க வைத்து, டொயோட்டா கம்ரி ஒன்றின் ரேடியேட்டரை மாற்ற என்ன விலை என்று கேட்க வைத்தார்கள். விலை தெரியாதவர்கள்போலக் கேட்டபோது ஆண்களை விடப் பெண்களுக்குக் கூடுதலாகச் சொன்னார்கள். இவ்வளவு வரும் என்று கேள்விப்பட்டேன் என்று ஒரு தொகையைச் சொன்னதும் அந்த வேறுபாடு மறைந்துபோனது. இதைப் படித்த பிறகு பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் பெண்களிடம் சொல்லி வருகிறேன்: சாமானின் பெயரையும் விலையையும் தெரிந்துகொண்டு போங்கள், ஒறிஜினலா மற்றதா என்று கேளுங்கள், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பிறேக் பாட் புதிதாக இருக்கும்போது பத்து மில்லிமீற்றர் அளவில் இருக்கும், மூன்றுக்கு வந்தால் மாற்ற வேண்டும்; இதைப் பார்க்க ஓர் அடிமட்டம் போதும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய சாமானைக் காட்டச் சொன்னால் முகம் சுளிப்பவரையும், சொல்லுமுன்னே கொண்டுவந்து காட்டுபவரையும் பிரித்தறிய அதிக காலம் எடுக்காது.

இந்தக் கேள்விகளெல்லாம் சாமான் வரிகளுக்கு. கூலி வரியில் நான் செய்ய விரும்புவது வேறு. பார்த்ததற்கும் காசு கொடுக்க வேண்டும் என்கிறேன். "இது இன்னும் ஒரு வருசம் ஓடும் டீச்சர், இப்ப மாத்தத் தேவையில்ல" என்று நானா சொல்லி அனுப்பும் நாட்களில் அவருக்கு ஒரு சதமும் வருவதில்லை. எனக்குக் கிடைத்த மிகப் பெறுமதியான சொல் அதுதான். டாக்டரைச் சனல் பண்ணிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால், கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கிறோமா? நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறோம். இதைச் சொன்னால், "பாத்ததுக்கும் காசா?" என்று சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். நானாவும் முதலில் வாங்க மறுத்தார். காரின் அடியில் அரை மணித்தியாலம் படுத்திருந்ததற்கு என்று எழுதச் சொன்னேன். எழுதினார். மிகச் சிறிய தொகை.

அவரிடம் தொழில் பழகும் பையன் ஒருவன் இருக்கிறான். சில்லைச் சுழற்றிக் காதைக் கொடுத்தே எந்தப் பெயரிங் போய்விட்டது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டான். கத்தாரில் கராஜ் ஒன்றுக்குப் போகப் பாஸ்போட் எடுத்திருக்கிறான். 2022 இல் மட்டும் இந்த நாட்டிலிருந்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்கு வெளிநாடு போனார்கள். அவர்களுக்குப் பின்னால் போகிறவர்களில் அவனும் ஒருவன். மாதம் எவ்வளவு தந்தால் நிற்பாய் என்று கேட்டேன். வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், யோசித்து ஒரு தொகை சொன்னான். பெரிய ஆசை ஒன்றுமில்லை, வீட்டுச் செலவும் தங்கச்சியின் படிப்பும்தான். நானா அதைக் கேட்டுவிட்டு, வாரத்தில் எத்தனை வாகனம் வருகிறது, ஒவ்வொன்றிலும் கூலியாக மிஞ்சுவது எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணினார். நாங்கள் இப்போது கொடுக்கும் கூலிக்கு அந்தத் தொகையில் பாதிதான் வருகிறது.