பொங்கல் இலையில் எதைக் குறைப்பது?

எங்கள் வீட்டுப் பொங்கல் சமையல் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது. பால்பொங்கல், சர்க்கரைப்பொங்கல், இடிசாம்பார், பூசணிக்காய்ப் புளிக்குழம்பு, அவியல், சிறுகிழங்குப் பொரியல், சேனை வறுவல், பிடிகிழங்கு மசியல், வாழைக்காய்ப் பொடிமாஸ், அவரைக்காய்ப் பொரியல், தடியங்காய்ப் பச்சடி, உளுந்தவடை, பாயசம். மொத்தம் 13. இந்த வருஷம் அதை மதினியின் கையில் கொடுத்துவிட்டு, “இனிமே நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிடுங்க” என்று அம்மா ஒதுங்கிக்கொண்டாள். முழங்கால் வலி. முற்றத்தில் குனிந்து அடுப்பு மூட்ட முடியவில்லை.

பேனாவோடு உட்கார்ந்தோம். அண்ணனுக்குச் சர்க்கரை. பெங்களூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கிழங்கு இறங்காது, பனீர் வேண்டும். மதினி காலை நாலு மணிக்கு எழுந்தால் மத்தியானம் இரண்டு மணி வரை நின்ற காலில் நிற்கவேண்டும். எல்லாம் நியாயம்தான். முதலில் பேனா போய் நின்றது சிறுகிழங்கில். “தோல் எடுக்கவே அரை நாள் போயிரும். உருளைக்கிழங்கைப் பொடியா நறுக்கிப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் மதினி.

எனக்குச் சுருக்கென்றது. “உருளை நம்ம ஊர்க் காயா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டது தப்பு என்று அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக யோசித்தேன். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியது 1498-இல். அதற்குப் பிறகு போர்த்துக்கீசியர் கப்பல்களில் வந்ததுதான் மிளகாய். மிளகு செய்த வேலையை அது எடுத்துக்கொண்டதால் பெயரையும் மிளகிடமிருந்தே வாங்கிக்கொண்டது. மிளகாய் வற்றல் இல்லாமல் இடிசாம்பார் ஏது? எங்கள் மஞ்சள் பூசணி அமெரிக்கக் கண்டத்துக் காய். மற்ற ஊர்களில் அதற்குப் பரங்கிக்காய் என்றே பெயர், வந்த வழி பெயரிலேயே நிற்கிறது. சர்க்கரைப்பொங்கலில் நெய்யில் சிவக்கும் முந்திரிக்குப் பிறந்த ஊர் பிரேசில். நான் வரிந்துகட்டிக்கொண்டு நின்ற சிறுகிழங்குக்கே தாயகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியல்காரர்கள். பொங்கலுக்கென்று நாங்கள் தேடி வாங்கும் அம்பை 16 அரிசி கூட, 1937-இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம். எனக்கு அது பழைய அரிசி. ஆச்சிக்கு அது புது அரிசியாக இருந்திருக்கும்.

பழைய சமையல் ஓரளவு அப்படியே தங்கியிருக்கும் ஓர் இடம் திவசச் சமையல். இன்றும் பல வீடுகளில் அன்றைக்கு மிளகாய், தக்காளி, உருளை, முட்டைக்கோஸ் கிடையாது. காரத்துக்கு மிளகு. முன்னோருக்கு அவர்கள் அறிந்த சாப்பாட்டையே படைக்கிறோம். பண்டிகை உயிரோடு இருப்பவர்களுக்கானது, அதனால் அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழமையை வைத்து ஒரு கறியைக் காப்பாற்ற நினைத்தால் பதின்மூன்றில் பாதி தேறாது. நாக்கை மட்டும் கேட்டாலோ இரண்டு தலைமுறையில் எதுவும் மிஞ்சாது.

அப்படியானால் வேறு எதைக் கேட்பது? ஒவ்வொரு கறியும் ஏன் இலைக்கு வந்தது என்று கேட்டேன்.

ஆச்சி சொல்லி எனக்கு நினைவிருக்கிறது: அவள் சிறுமியாக இருந்தபோது தெருவில் பல வீடுகளில் தினம் கம்பும் சோளமும்தான். நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும். பதின்மூன்று வைத்தது நிலம் இருந்த வீடு. அந்த நெல்லை அறுத்துக் கட்டுத் தூக்கியவர்கள் வீட்டில் ஒரு பானை, ஒரு குழம்பு. அவர்களுக்கும் அது பொங்கல்தான். வருஷத்தில் ஓரிரு நாள் வயிறு நிறைய அரிசிச்சோறு உண்பது கொண்டாட்டமாக இருந்த காலத்தில் உருவான பட்டியல் இது. இன்று அரிசி மூன்று வேளையும் தட்டில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, எங்கள் சொந்தத்தில் இரண்டு வீடுகளில் சாமையில் சர்க்கரைப்பொங்கல் வைக்கிறார்கள். ஆச்சி இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பண்டிகையன்றாவது விலகியிருக்கட்டும் என்று அவர்கள் ஏங்கியதையே நாம் பண்டிகைக்குத் தேடுகிறோம். இதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அண்ணனின் உடம்பு அதைத்தான் கேட்கிறது.

ஆகவே மிகுதியைக் காட்ட வந்தவற்றை எடுத்தோம். வடை, பாயசம், எண்ணெயில் பொரிக்கும் சேனை, சாம்பார் இருக்கையில் இரண்டாவதாக ஒரு புளிக்குழம்பு. நான்கு போக ஒன்பது. சர்க்கரைப்பொங்கல் ஒரே உழக்கு அரிசியில். அண்ணனுக்கு அதில் ஒரு கரண்டி, பிரசாதமாக. ஆனால் மார்கழியிலும் தையிலும் மண் தானாகக் கொடுப்பதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவரையும் கிழங்கும் இலைக்கு வந்தது நிலத்தில் அப்போது அவை இருந்ததால்தான். தென்காசிப் பக்கம் மார்கழிக் கடைசியில் சிறுகிழங்கு பிடுங்குவார்கள். மாசி கடந்தால் சந்தையில் பார்க்க முடியாது. உருளை வருஷம் முழுக்கக் கிடைக்கும். பனீரும் அப்படித்தான். பனீர் மறுநாள் கரிநாளுக்கு, ஆட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்காக, தாராளமாக வைக்கலாம் என்றேன். பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள்.

மிச்சமிருந்தது மதினி சொன்ன அரை நாள். அதுதான் உண்மையான கணக்கு. வீட்டில் எல்லோருக்கும் பிடித்த கறியின் தோலை எடுத்தது எப்போதும் ஒரு ஜோடிக் கை. தை பிறந்து நாலைந்து நாள் வரை அம்மாவின் விரல்நுனி கறுத்துக் கிடக்கும். எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. அவள் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு பொங்கலாவது உண்டா என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

போகியன்று சாயங்காலம் மூன்று கிலோ கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டோம். மண் இளகியதும் சணல்சாக்கில் கொட்டி, வாயைச் சுருட்டிப் பிடித்து, துவைக்கிற கல்லில் போட்டு உருட்டித் தேய்க்கவேண்டும். கிழங்கு கிழங்கோடும் சாக்கின் சொரசொரப்போடும் உரசி முக்கால்வாசித் தோல் கழன்றுவிடும். அண்ணனும் பெங்களூர்ப் பையனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, கண்ணிலும் குழியிலும் ஒட்டியிருந்ததைக் கத்தி முனையால் சுரண்டினோம். ஈர மண்ணும் பச்சைக் கிழங்கும் கலந்த அந்த வாசனை கூடம் முழுக்க நின்றது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஏழு பேர் கையும் கறுத்தது.

மறுநாள் முற்றத்தில் பொங்கக்கட்டிகளை அடுப்பாக வைத்து, பனையோலை எரித்து, பால் பொங்கியதும் குலவை போட்டோம். முதல் பந்தியில் அம்மாவுக்கு இலை போட்டார் மதினி. அவள் மறுத்தாள். கையைப் பிடித்து உட்காரவைத்தோம். சிறுகிழங்கை வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

“தோலு அங்கங்க ஒட்டியிருக்கு” என்றாள். “இன்னுங்கொஞ்சம் வை.”

இலையை நோக்கி நீண்ட அவள் விரல்நுனிகளைப் பார்த்தேன். வெளுத்திருந்தன.