சிறையில் பிறந்த ட்ரெட்மில்

ட்ரெட்மில் என்ற பெயரின் பின்பாதியில் இருக்கும் ‘மில்’, மாவு மில், நெல் மில் என்று தமிழிலும் புழங்குகிற அதே சொல்தான். மிதித்து ஓட்டும் ஆலை என்பது பெயரின் பொருள். உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடும் ட்ரெட்மில் எதையும் அரைப்பதில்லை. அதன் மூதாதை தானியம் அரைத்தது. அதை மிதித்தவர்கள் இங்கிலாந்தின் சிறைக் கைதிகள்.

காலால் மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றுவது மிகப் பழைய உத்தி. கட்டடக் கற்களைத் தூக்குவதற்கு, ஆட்கள் உள்ளே நின்று மிதிக்கும் பெரிய சக்கரங்களை ரோமானியர்கள் பயன்படுத்தினார்கள். அந்த உத்தியைத் தண்டனையாக்கியவர் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1785இல் நார்ஃபோக் வட்டாரத்தில் மாவாலைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். காற்றின் வேகத்துக்கு ஏற்பத் தாமே திறந்து மூடிக்கொள்ளும் காற்றாலைச் சிறகுகளை வடிவமைத்தவர். பின்னாளில் லண்டன் உலகக் கண்காட்சிக்கான கண்ணாடி மாளிகையின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டு, 1851இல் சர் பட்டமும் பெற்றார். அவரைக் கொடுமைக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. கைதிகள் வேலையின்றிக் கூட்டமாகச் சும்மா கிடப்பது அக்காலச் சிறை நிர்வாகிகளுக்குப் பெரிய கவலை. ஆலைகளோடு வளர்ந்தவருக்கு அதற்கான விடையும் ஆலையாகவே தோன்றியது. 1818இல் அவர் மிதிசக்கரத்தை வகுத்தார். 1821இல் லண்டனின் பிரிக்ஸ்டன் சிறையில் அது பெரிய அளவில் ஓடத் தொடங்கியதும் மற்றச் சிறைகளுக்கும் வேகமாகப் பரவியது.

இன்றைய பெல்ட் அதில் இல்லை. நீண்ட உருளை ஒன்றின் மேற்பரப்பில், படிக்கட்டுப் போல, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் இடைவெளியில் பலகைகள் பதித்திருக்கும். கைதிகள் வரிசையாக நின்று, முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்படியில் கால் வைப்பார்கள். உடல் எடையில் படி கீழே இறங்கும். உடனே அடுத்த படிக்குக் கால் போக வேண்டும். எவ்வளவு ஏறினாலும் ஆள் நிற்கும் உயரம் மாறாது. ஒருவரோடு ஒருவர் பேசிவிடக் கூடாது என்பதற்காகப் பல சிறைகளில் ஆளுக்கு ஆள் இடையே பலகைத் தடுப்பும் வைத்தார்கள். இடையிடையே சில நிமிட ஓய்வு. மற்றபடி நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ இதே வேலை. சில சிறைகளில் ஒரு கைதி நாளொன்றுக்கு ஏறிய உயரத்தைக் கூட்டினால் 2,600 மீட்டர் வரை வரும். தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் ஏறக்குறைய அதுதான். கடல் மட்டத்திலிருந்து தொட்டபெட்டா உச்சி வரையிலான ஏற்றத்தை, அரைகுறைச் சாப்பாட்டோடு, அன்றாடம் ஏறியதாகக் கணக்கு.

உழைப்பின் கடுமையைவிட அதன் வெறுமைதான் ஆட்களை ஒடித்தது. தொடக்கத்தில் சக்கரம் மாவு அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பிறகு பல சிறைகளில் அது எதனோடும் இணைக்கப்படாமல் வெறுமனே சுழன்றது. காற்றை அரைக்கிறோம் என்று கைதிகள் அதைச் சொன்னார்கள். 1822இல் நியூயார்க் சிறையிலும் மிதிசக்கரம் வந்தது. அங்கே பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்டி 1824இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கைதிகளை அஞ்ச வைப்பது வேலையின் கடுமை அல்ல, மாறாத ஒரே சீர்தான் என்பது அவருடைய கருத்து. பலமான ஆட்களும் இதற்கு நடுங்கிய காரணத்தை அவர் சரியாகவே பிடித்திருக்கிறார். இந்தியாவில் அதே பிரிட்டிஷ் அரசின் கடுங்காவலில், கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சிதம்பரனார் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். அதுவும் இதே போன்ற ஒரே சீரான சுற்றல்தான். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1895இல் பென்டன்வில் சிறையில் மிதிசக்கரம் ஏறினார். நீண்ட விவாதங்களுக்குப் பின், 1898ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் இத்தகைய பயனற்ற உழைப்புக்கு முடிவு கட்டியது. சில ஆண்டுகளில் ஆங்கிலேயச் சிறைகளிலிருந்து சக்கரங்கள் மறைந்தன.

மறைவதற்கு முன் அது அறிவியலுக்கு ஓர் உதவி செய்துவிட்டுப் போனது. அதிகம் பேசப்படாத செய்தி இது. எட்வர்ட் ஸ்மித் என்ற லண்டன் மருத்துவர் 1850களில் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறையின் மிதிசக்கரத்தைத் தம் ஆய்வுக்களம் ஆக்கினார். உழைக்கும்போது மூச்சில் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது, சிறுநீரில் எவ்வளவு யூரியா போகிறது என்று அளந்தார். தாமே சக்கரத்தில் ஏறியும் அளந்தார். தசை தன் புரதத்தையே எரித்து உழைக்கிறது என்று ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் சொல்லியிருந்தார். அறிஞர் உலகம் அதை நம்பியது. அது உண்மையானால் உழைக்க உழைக்க யூரியா பெருக வேண்டும். ஸ்மித்தின் அளவீட்டில் கரியமில வாயு பல மடங்கு ஏறியது, யூரியா பெரிதாக மாறவில்லை. உழைப்புக்கு முதன்மையான எரிபொருள் புரதம் அல்ல, மாவுச்சத்தும் கொழுப்புமே என்ற தெளிவுக்கு அந்தச் சிறைக்கூடம் வழி திறந்தது.

அடுத்த திருப்பம் லண்டன் மாடிப் பேருந்துகளில் நிகழ்ந்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ 31,000 போக்குவரத்து ஊழியர்களின் உடல்நலப் பதிவுகளை ஆராய்ந்து, 1953இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம், நடத்துநர்களுக்குக் குறைவு. வந்தாலும் நடத்துநர்களுக்குச் சற்று வயதான பிறகே வந்தது, உயிரிழப்பும் குறைவு. ஊழியர்களின் வாழ்க்கை நிலை ஏறக்குறைய ஒன்றுதான். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினார். ஒரு நாளில் 500 முதல் 750 படிகள். ஓட்டுநர்களின் சீருடைக் காற்சட்டைக்கு இடுப்பளவு அதிகம் என்பதையும் பின்னர் ஓர் ஆய்வில் மாரிஸ் காட்டினார். சீருடை தைத்த அளவுக் குறிப்பே மருத்துவச் சான்றானது. சிறைச் சக்கரத்தில் ஆட்களைச் சிதைத்த அதே படியேற்றம், அளவோடும் சாப்பாட்டோடும், டிக்கெட் கொடுக்கும் வேலையின் ஊடே நடந்தபோது இதயத்தைக் காத்திருக்கிறது.

அந்த 1950களில்தான் அமெரிக்காவின் சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் மோட்டாரில் ஓடும் பெல்ட்டில் நோயாளிகளை நடக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். படுத்திருக்கும்போது சீராகத் துடிக்கும் இதயம், உழைக்கும்போது தன் குறையைக் காட்டிவிடும். 1963இல் அவர் வகுத்த முறை இன்றும் பின்பற்றப்படுகிறது: மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம் என்று தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டுவது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் டி.எம்.டி. என்று சொல்லப்படும் சோதனை இதுதான்.

வீட்டுக்குள் ட்ரெட்மில் வந்ததற்கு ஒரு புத்தகம் காரணம். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் ‘ஏரோபிக்ஸ்’ என்ற நூலை வெளியிட்டு, ஓட்டமும் நடையும் இதயத்துக்கு ஏன் தேவை என்று விளக்கினார். அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற இயந்திரப் பொறியாளர், எல்லோரும் வாங்கக்கூடிய ட்ரெட்மில் சந்தையில் இல்லை என்று கண்டு தாமே ஒன்றைச் செய்தார். ‘பேஸ்மாஸ்டர் 600’ என்ற அந்த இயந்திரம்தான் வீட்டு ட்ரெட்மில்லுக்குப் பாதை போட்டது. ஸ்டாப் 2012இல், 96 வயதில் காலமானார். முதுமையிலும் ட்ரெட்மில் நடையை அவர் விட்டுவிடவில்லை. இதற்குள் இயந்திரத்தின் திசையே தலைகீழாகியிருந்தது. க்யூபிட்டின் சக்கரம் மனிதக் காலிலிருந்து விசையை எடுத்தது. இன்றைய பெல்ட் மின்சாரத்தைச் செலவழித்து மனிதரை நடக்க வைக்கிறது.

க்யூபிட்டின் சக்கரத்தில் இல்லாத இன்னொரு பாகமும் இன்று உண்டு. பெரும்பாலான ட்ரெட்மில்களில் சிவப்புச் சாவி ஒன்றும் அதோடு ஒரு கயிறும் இருக்கும். கயிற்றின் நுனிக் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். நடப்பவர் தடுமாறிப் பின்னால் நகர்ந்தால் கயிறு சாவியை இழுக்கும், பெல்ட் நின்றுவிடும்.