கொடுத்த வாக்கு யாருக்கு?

திராட்சைத் தோட்டத்திற்கு அனுப்பப்பட்ட இரு மைந்தரின் உவமையை நாம் அறிவோம். போகிறேன் என்றவன் போகவில்லை. மறுத்தவனோ மனம் மாறிப் போனான். தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவன் இவருள் எவன் என்று இயேசு கேட்டார். இன்று அக்கேள்வி நாடுகளின் முன்னும் நிற்கிறது.

2015ஆம் ஆண்டு பாரிசு நகரில் உருவான உடன்படிக்கையின் ஏழாம் பிரிவில், மாறிவரும் தட்பவெப்பத்திற்கேற்பத் தம் மக்களின் வாழ்வைத் தகவமைக்கத் திட்டமிடுவதாக நாடுகள் ஒப்புக்கொண்டன. திட்டமிடுதலில் மக்கள் பங்கேற்க வேண்டும், நலிந்தோர் நினைக்கப்பட வேண்டும், முன்னோர் வழிவந்த அறிவும் இடம்பெற வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. இவ்வாக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டது? உடன் கையொப்பமிட்ட நாடுகளுக்கு மட்டுமா?

பசிபிக் பெருங்கடலிலுள்ள பிஜி நாட்டைப் பார்ப்போம். அங்கே வனுவா லெவு தீவின் கரையில் வுனிடொகொலோவா என்னும் சிற்றூர் இருந்தது. கடல்நீர் வீடுகளுக்குள் புகுந்தது; தடுப்புச்சுவர் பயன்தரவில்லை. மக்களே அரசின் உதவியை நாடினர். 2014இல் ஊர் முழுவதும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உள்ளே, மேட்டுநிலத்தில் குடியேறியது. அரசு பொருள் தந்தது. வீடுகளுக்கான மரத்தை மக்கள் தம் காட்டிலிருந்து தந்தனர். புதிய ஊருக்கு அவர்கள் இட்ட பெயர் கெனானி. வாக்களிக்கப்பட்ட நாடாகிய கானானே அது.

பாரிசு உடன்படிக்கை அதன் பின்னரே வந்தது. பிஜி 2018இல் 160 நடவடிக்கைகள் அடங்கிய தேசியத் தகவமைப்புத் திட்டத்தையும், ஊர்களை இடம்பெயர்ப்பதற்கான நெறிமுறைகளையும் வெளியிட்டது; 2021இல் தட்பவெப்ப மாற்றத்திற்கெனச் சட்டமும் இயற்றியது. மக்களின் பட்டறிவு முந்தியது, ஏடு பிந்தியது. இவ்வரிசை நமக்கொரு பாடம். உலக அவையில் சொன்னதற்கு உள்நாட்டுத் திட்டம் இசைந்திருத்தல் வேண்டும். ஆனால் ஏட்டுச் சொற்கள் ஏட்டுச் சொற்களோடு பொருந்துவதே இசைவு எனக் கொண்டால், பொருள் தருவோர் விரும்புவது திட்டத்தில் ஏறும். ஊர் கேட்டது விடுபட்டுப் போகும்.

புவியை வெப்பமாக்கியதில் பிஜியின் பங்கு மிகச் சிறிது. பிறர் செய்ததன் சுமையைத் தாங்குவோரிடம், சொன்னதைச் செய்தீர்களா எனக் கேட்பது நீதியா என்று சிலர் வினவலாம். அது நேர்மையான வினாவே. 2020க்குள் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டுவதாக வளர்ந்த நாடுகள் 2009இல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. 2022இல்தான் அத்தொகை எட்டப்பட்டது. அதிலும் தகவமைப்புக்கெனச் சென்றது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வலியோரின் இத்தவறு கனமானது. ஆயினும் அதனால் எளிய நாட்டின் அரசு தன் மக்களுக்குப் பட்ட கடன் தள்ளுபடியாவதில்லை. அக்கடன் எந்த உடன்படிக்கைக்கும் முற்பட்டது. வாக்கு உலக அவையில் சொல்லப்பட்டாலும், அது சேரவேண்டியது கடல் வாசலுக்கு வந்துவிட்ட குடும்பத்திற்கே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், புவியின் துயரையும் ஏழையின் துயரையும் பிரித்துப் பார்க்கலாகாது என்று கற்பித்தார். 2022இல் திருப்பீடமும் பாரிசு உடன்படிக்கையில் இணைந்தது. ஆகவே இது நமக்கும் உரிய வாக்கு. நாட்டுத் திட்டங்களைப் பற்றிக் கேள்விப்படும்போது, அவற்றில் யாருடைய குரல் கேட்கப்பட்டது, யாருடைய வீடு காக்கப்பட்டது என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்குண்டு. தந்தை எதிர்பார்த்தது தோட்டத்தில் நடக்கவேண்டிய வேலையை அன்றோ?